சீமோன் வீட்டு அஞ்சலை

அத்தை,

காய்ச்சல் விட்டு இன்று காலை கண் விழித்தபோது முதலில் வந்தது பூண்டு வாசனை. அரிசி நொய்யில் பூண்டும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சுகிற கஞ்சி. அடுப்படியில் நிற்பது உங்கள் மகன்தான் என்பது பாத்திரம் உருளுகிற சத்தத்திலேயே தெரிந்தது. பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போடுகிற கைக்குக் கரண்டி இன்னும் முழுதாகப் பழகவில்லை. அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு எங்கள் அம்மா அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"உப்பு பத்தல மாப்ள. நாக்கு செத்துக் கெடக்கறா, இன்னும் கொஞ்சம் போடுங்க."

இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூட யோசித்தவள் உங்கள் சம்பந்தி. அவள் இன்று மருமகனுக்கு உப்பு சொல்கிறாள். படுத்தபடியே சிரித்தேன். சிரித்தால் தலை வலித்தது, இருந்தும் சிரித்தேன்.

எனக்குக் கலியாணமான புதிதில் அம்மா தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு வருகிற அழகை நீங்கள்தான் பக்கத்து வீடுகளில் நடித்துக் காட்டுவீர்கள். பஸ் ஸ்டாண்டிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டுதான் நம் வாசலை மிதிப்பாள். செருப்பைக் கழற்றும் முன்பே "சாப்ட்டுட்டுத்தான் சம்பந்தி வந்தேன்" என்பாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைத்தால் கேவலம் என்பது அவள் தெருவின் சட்டம். நீங்கள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய் காப்பி குடிக்க வைத்துவிட்டால் போச்சு, அடுத்த முறை அதற்கு ஈடாகக் கூடையில் வஞ்சிரம் வந்து இறங்கும். "இன்னொரு காப்பி குடுத்தா எறா வரும்போல இருக்கே" என்று என் காதில் சொன்னீர்கள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நீங்கள் அவள் வீட்டுக்குப் போனால் கதையே வேறு. சப்பணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள். பிள்ளையைப் பெற்றவள் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், பெண்ணைப் பெற்றவள் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் அவள் வீட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது நீங்களாகவே, எனக்கு மட்டும் வெட்கம் கிடையாதா என்று கேட்டீர்கள். அம்மா உங்கள் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

சுனாமி வந்த வருஷம் அப்பா போய்விட்டார். படகும் போயிற்று. அதன்பிறகு அம்மா அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் தனியாக இருந்துகொண்டு, கூடையில் மீன் விற்றாள். நான் ஒரே பெண். எங்களோடு வந்துவிடு என்று ஒவ்வொரு தரமும் கேட்பேன். உங்கள் மகனும் "வரச் சொல்லு" என்று சொல்லியிருந்தார். அவர் அதற்கு மேல் பேசமாட்டார், உங்களுக்குத் தெரியும். அம்மா மட்டும் மசியவில்லை. அவள் தனியாகக் கிடந்து சாகப்போகிறாள் என்கிற பயத்தோடுதான் நான் தினமும் கீரப்பாளையம் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனேன், பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தினேன், திரும்பி வந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்த பயம் நிஜமாக வந்து நின்றது. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் போன் பண்ணினாள். நான் பையைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். நீ கூப்பிட்டு வராதவளை நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றீர்கள். கடலூர் பஸ்ஸில் வழி முழுக்க முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தீர்கள்.

அம்மா பாயில் சுருண்டு கிடந்தாள். மீன் கூடை மூலையில் கவிழ்ந்திருந்தது. நீங்கள் தரையில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தீர்கள். கிளம்புங்கள் சம்பந்தி, நம்ம வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். அவ்வளவு காய்ச்சலிலும் அவள் வாய் ஓயவில்லை.

"மாப்ள ஊட்ல போயி படுத்துக் கெடக்கவா? புள்ள இல்லாதவ, போக்கெடம் இல்லாம பொண்ணு ஊட்ல ஒண்டிக்கிட்டான்னு தெருவுல பேச மாட்டாங்க?"

அப்போதுதான் நீங்கள் சீமோன் கதையைச் சொன்னீர்கள். சுவிசேஷத்தில் வருகிற சீமோனும் உங்க ஜனம் மாதிரி மீன் பிடிக்கிறவன்தான், தம்பியும் அவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்று ஆரம்பித்தீர்கள். அந்த வீட்டில் சீமோனுடைய மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தாள், இயேசு சாமி அந்த வீட்டுக்கு வந்தார், அவள் கையைப் பிடித்து எழுப்பினார், காய்ச்சல் விட்டது. சர்ச்சில் நீங்கள் ஆண்டவர் என்றுதான் சொல்வீர்கள். அம்மாவுக்குப் புரியட்டும் என்று சாமி என்றீர்கள்.

எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டால் காய்ச்சல் விட்ட அதிசயத்தைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. மாமியார்க்காரி மருமகன் வீட்டில் எதற்கு இருந்தாள் என்று கேட்டாள். அங்கேதான் குடியிருந்தாள் என்றீர்கள். அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஏன், அந்தம்மாவுக்குப் புள்ள இல்லியா?"

நீங்கள் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஞாயிறு பள்ளியில் பாவாடை கட்டிய வயதிலிருந்து கேட்ட கதை. பெண்கள் கூட்டத்தில் நீங்களே எத்தனையோ முறை விளக்கம் சொன்ன கதை. அவளுக்குப் பிள்ளை இருந்தானா என்று உங்களை ஒருவரும் கேட்டதில்லை, நீங்களும் யோசித்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்.

"எழுதல சம்பந்தி. இல்லன்னே வைங்க. புள்ள இல்லாதவ, பொண்ணு ஊட்ல இருந்தவ. அந்த ஊட்டுக்குத்தான் சாமி வந்தாரு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, கையை மட்டும் நீட்டினாள். நீங்கள் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். தூக்கிவிட்டபின் முட்டி பிடித்துக்கொண்டு நீங்களே சுவரைப் பிடித்து நின்றது வேறு விஷயம்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காய்ச்சல் விடுகிற வரைக்கும்தான். நீங்கள் உடனே சரி என்றீர்கள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகம் சரிதான். அந்த வாரமே காய்ச்சல் இறங்கிவிட்டது, தெர்மாமீட்டரில் நானே பார்த்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் நீங்கள் வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைப்பீர்கள், கண்ணை மூடிக்கொள்வீர்கள், "லேசா சுடுது" என்பீர்கள். மாதம் மாறியது. மழை விட்டு மார்கழிப் பனி வந்தது. உங்கள் கைக்கு மட்டும் அந்தக் காய்ச்சல் விடவே இல்லை. அம்மாவும் பொய்க் கோபத்தோடு போர்வையை இழுத்துக்கொள்வாள்.

அந்த நாட்களில்தான் கடலூர் முதுநகரிலிருந்து சித்தப்பா வந்தார். உங்கள் கொழுந்தனார், சர்ச் கமிட்டியில் பெரிய மனிதர். நான் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்காததே அவருக்கு ஆறாத மனக்குறை. இப்போது எங்கள் அம்மா வேறு, அறைக்குள் மாரியம்மன் படத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். சம்பந்தியம்மா எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று கேட்டார். ஜொரம் இன்னும் விடல தம்பி என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னீர்கள். அம்மா அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும்.

சித்தப்பா விடவில்லை. அவரும் வேதம் தெரிந்தவர். தாயும் சகோதரரும் வெளியே வந்து நிற்கிறார்கள் என்று சொன்னபோது, என் தாய் யார், தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவர்களே எனக்குத் தாய் என்று ஆண்டவரே சொல்லவில்லையா, அப்படியிருக்க சர்ச் வாசலையே மிதிக்காதவங்க நமக்கு எப்படிக் குடும்பமாக முடியும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, அடித்துவிட்டோம் என்பதுபோல் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குக் குடும்பமே இரண்டாகியிருக்கும்.

நீங்கள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்படிச் சொன்னவருதான் தம்பி, சிலுவையில தொங்கறப்ப, அம்மாவ எங்க விடறதுன்னு கவலப்பட்டாரு. சொந்தக்காரங்க எத்தினியோ பேரு இருந்தும் சிநேகிதன் ஊட்லதான் விட்டாரு."

சித்தப்பா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாதத்தில் தோற்றாலும் மனிதர் மரியாதை தவறமாட்டார். போகும்போது உள்ளே பார்த்து, வரேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சீமோன் மாமியார் கதையின் பின்பாதியில் உங்களுக்கே ஒரு சண்டை இருந்தது. காய்ச்சல் விட்டதும் அவள் எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தாள் என்று வருகிறது அல்லவா, அந்த இடம் வந்தாலே உங்களுக்கு ஆகாது. எழுந்த கையோட வேலையா, அவளுக்கு ஒரு வாய் கஞ்சி யார் காய்ச்சிக் கொடுத்தது, வீட்டில் அத்தனை தடிப்பயல்கள் உட்கார்ந்திருந்தார்களே என்று கேட்பீர்கள். கேட்டதோடு நிற்கவில்லை. நம் வீட்டில் காய்ச்சலில் கிடந்து எழுகிற பெண் அடுப்படிக்குப் போகக்கூடாது, ஆண்பிள்ளைதான் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். உங்கள் மகன் வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று நழுவினார். நீங்கள் அவரோடு ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. என் மகளைக் கூப்பிட்டு, அப்பா கஞ்சி காய்ச்சப் போகிறார், பாத்திரத்தைக் கழுவி வை, அவர் கேட்பதை எடுத்துக் கொடு என்றீர்கள். கானாவூர்க் கலியாணத்தில் திராட்சரசம் தீர்ந்தபோது இயேசுவின் அம்மா மரியாள் செய்தது இதுதான் என்று பிறகு என்னிடம் கண்ணடித்தீர்கள். மகன் இன்னும் நேரம் வரவில்லை என்கிறார், அம்மா மகனிடம் வாதாடாமல் வேலைக்காரர்களிடம் போய், அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்கிறாள். அப்புறம் மகன் என்ன செய்வார். உங்கள் மகன் அன்று காய்ச்சிய முதல் கஞ்சி அடிபிடித்திருந்தது. அம்மா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

குடித்துவிட்டு அவள் உங்கள் சண்டையைத் திருப்பிப் போட்டாள். அந்தம்மா எழுந்து வேலை செய்ததில் தப்பில்லை என்றாள்.

"விருந்தாளின்னா யாராச்சும் சோறு போட உடுவாங்களா சம்பந்தி? அவ போட்டா. அப்ப அது அவ ஊடு."

மறுநாள் காலையில் தெருவில் மீன்காரர் கூவியதும் அம்மாவே இறங்கிப் போனாள். பேரம் பேசினாள். அரிவாள்மனையை இழுத்துப் போட்டுச் சங்கராவை ஆய்ந்தாள். உங்கள் மகனுக்கும் உங்களுக்கும் எனக்கும் மகளுக்கும் பரிமாறினாள். பிறகு, யாரும் சொல்லாமல், தனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டு நம்மோடு உட்கார்ந்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவாள் என்று எல்லாருக்கும் பயம். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நீங்கள் சாப்பிட்ட கையை மடக்கிக்கொண்டு, இடது புறங்கையை எட்டி அவள் நெற்றியில் வைத்தீர்கள்.

"இன்னிக்குத்தான் விட்டுது ஜொரம்" என்றீர்கள்.

அத்தை, என் கலியாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் அடித்த கூத்து. சாயங்கால ஜெபத்துக்கு அம்மா அறை வாசலில் உட்கார்ந்து கேட்பாள், உள்ளே வரமாட்டாள். கேட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டில் சந்தேகம் கேட்பாள். சீமோனின் மாமியாருக்குப் பெயர் இல்லை என்பது அவளுக்குப் பொறுக்கவே இல்லை. ஊர் உலகத்துக்கே தெரிந்த பொம்பளைக்குப் பெயர் இல்லாமல் எப்படி என்று, அவளே அஞ்சலை என்று வைத்துவிட்டாள். அவள் தெருவில் வீட்டுக்கு ஓர் அஞ்சலை உண்டு. அன்றிலிருந்து வீட்டில் அந்த மாமியார் அஞ்சலைதான். நீங்களும் பழகிவிட்டீர்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில், சீமோனுடைய மாமி அஞ்சலை ஜுரமாய்க் கிடந்தபோது என்று கணீரென்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டீர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பின்னொரு வாரம் ஒரு சகோதரி கண்ணை மூடி உருகி, அஞ்சலையின் ஜுரத்தை நீக்கின ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினார். போதகரின் மனைவி ஐயரம்மா கண்ணைத் திறந்து பார்த்தாராம். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, அம்மாவிடம் சொல்லி, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அந்தப் பெயர் முதுநகர் வரைக்கும் போயிற்று.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். அதிகம் படுத்தவில்லை, படவுமில்லை. கடைசி வாரத்தில் உங்களுக்குக் கஞ்சி ஊட்டியது அம்மாதான். உங்களை அடக்கம் பண்ணிவிட்டு எல்லாரும் வீடு திரும்பிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பந்தலில் இருந்த நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா டம்ளரை வாங்காமல், நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்: அண்ணி இருந்தாங்க, அவங்க துணைக்கு நீங்க இருந்தீங்க, இனிமே எங்க போறதா உத்தேசம்?

நான் பதில் சொல்ல எழுந்தேன். உங்கள் மகனும் எழுந்தார். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: அம்மா இதற்காகவே பையைக் கட்டி வைத்திருப்பாள், உங்களோடு அவள் உரிமையும் போயிற்று என்று நினைத்திருப்பாள். அவள் எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க போறது? இது எம் மாப்ள ஊடு, இங்கதான் இருப்பன். அஞ்சல எங்கியாச்சும் போனாளா? காப்பிய எடுங்க, ஆறிப்போவுது."

சித்தப்பாவுக்கு அஞ்சலை யாரென்று தெரியும். ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார், பிறகு காப்பியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். துக்க வீட்டில் நான் அழுதது துக்கத்தால் இல்லை என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்திக்குத் தை மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீடு திட்டக்குடிப் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஒரே பொண்ணுதானா என்று இழுத்தார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும்; அதைக் கேட்டுத்தான் எங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டாள். ஆமாங்க, ஒரே பொண்ணு, அதனால வயசான காலத்தில நாங்க அவ வீட்டுக்குத்தான் வருவோம், இப்பவே சொல்லிட்டேன் என்றேன். உங்கள் மகன் தொண்டையைச் செருமினார். அம்மா சும்மா இருப்பாளா, சீமோன் வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். அஞ்சலை, காய்ச்சல், சாமி வந்தது எல்லாம் சொன்னாள். நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்து அவள் சுவிசேஷம் சொன்னதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பையனின் அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, எதைக் கேட்டார் தெரியுமா? அந்தம்மாவுக்குப் பையன் இல்லையா என்றுதான் கேட்டார். உங்கள் பதிலை, உங்கள் குரலிலேயே, அம்மா சொன்னாள். கொஞ்சம் கழித்து அந்த அம்மாள், தனக்கும் ஊரில் அம்மா தனியாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் பூ வைக்க வந்தார்கள்.

அம்மா இப்போது கஞ்சியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதென்று அஞ்சலை மாதிரி உடனே எழுந்து ஓடாதே என்று எனக்குத் திட்டு. உங்கள் சண்டையையும் இப்போது அவளே போடுகிறாள். கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறது.

நான் என் மகள் வீட்டுக்குப் போகும்போது கட்டுச்சோறு கட்டமாட்டேன், அத்தை. கையை வீசிக்கொண்டு போவேன். போனதும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.